கூரையறைக்குப் படிக்கட்டு: இங்கிலாந்தின் கட்டட விதி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது?

கூரைக்குக் கீழே சும்மா கிடக்கும் பரணை அறையாக்க நினைப்பவர்களை முதலில் மடக்குவது படிக்கட்டுதான். இங்கிலாந்தில் அதற்கான அளவுகள் அரசின் 'அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் கே'-யில் உள்ளன. திட்ட அனுமதி தேவைப்படாத வீட்டிலும் இந்த வேலைக்குக் கட்டட விதி ஒப்புதல் வேண்டும்.

வீட்டுப் படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 220 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கால் வைக்கும் மிதியின் ஆழம் 220 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சரிவு 42 பாகையைத் தாண்டக் கூடாது. பலர் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைக் கோட்டைவிடுகிறார்கள். உயரமும் ஆழமும் 220 என்றால் சரிவு 45 பாகை, தேறாது. ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் 2,600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 12 ஏற்றங்கள் (படி உயரங்கள்), ஒவ்வொன்றும் சுமார் 217 மி.மீ. சரிவு அடங்க மிதி 241 ஆக வேண்டும். கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிவதால் மிதிகள் 11தான்; அவற்றுக்கே 2.65 மீட்டர் நீளம் போய்விடும். மேலும் கீழும் நின்று திரும்பும் இடம் தனி.

ஆகவே இருக்கும் படிக்கட்டுக்கு நேர் மேலேயே புதியதைப் போட முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மூலையில் விசிறிபோல் திரும்பும் படிகளை விதி ஏற்கிறது. அவற்றின் குறுகிய முனை 50 மி.மீ.யாவது இருக்க வேண்டும். தலைக்கு மேல் 2 மீட்டர் வேண்டும் என்பது பொது விதி. கூரையறையில் அந்த உயரம் கிடைக்காவிட்டால் நடுவில் 1.9 மீட்டரும் ஓரத்தில் 1.8 மீட்டரும் போதும். கூரைச் சரிவின் கீழ் தவிப்பவர்களுக்கு இது பெரிய சலுகை.

இடது கால், வலது கால் என மாறி மாறி வெட்டப்பட்ட படிகள் ஏறத்தாழப் பாதி நீளத்தில் அடங்கிவிடும். ஆனால் கூரையறை மாற்றத்துக்கு மட்டும், அதுவும் வழக்கமான படிக்கட்டுக்கு இடமே இல்லாதபோதுதான் அனுமதி. மேலே ஓர் அறையும், வேண்டுமானால் குளியலறை, கழிப்பறையும் இருக்கலாம். வீட்டின் ஒரே கழிப்பறையாக அது இருக்கக் கூடாது. நேராகவே போக வேண்டும். இரு பக்கமும் கைப்பிடி கட்டாயம். விதி அனுமதித்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குபவரையும், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் எந்தக் கால் முதலில் என்று தடுமாறும் முதியவரையும் நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மடக்கு ஏணியைத் தப்பும் வழியாகக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள்.

இரண்டு தள வீடு மூன்று தளமாகும்போது தீ விதியும் குறுக்கிடும். பொதுவாகப் படிக்கட்டைச் சுற்றி வெளிவாசல்வரை தீ தாங்கும் சுவரும் கதவும் கேட்பார்கள். கூடத்துக்குள் திறந்தபடி இறங்கும் படிக்கட்டு உள்ளவர்கள் இதை வரைபட நிலையிலேயே கட்டட ஆய்வாளரிடம் பேசிவிட வேண்டும்.

அளவெடுக்கும்போது வெறும் பலகையிலிருந்து எடுக்காதீர்கள். தரைவிரிப்போ மரத்தளமோ போட்டு முடித்த மட்டத்திலிருந்தே எடுங்கள். எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பது விதி. பிறகு கீழ்த்தளம் 20 மி.மீ. உயர்ந்தால் முதல் படி மட்டும் குட்டையாகி நிற்கும்.