கன்வாஸ் தையல்: படத்துக்கு முன் துணியின் கண்ணைப் பாருங்கள்

கடந்த ஆண்டு, கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா, கொழும்பில் வேலை செய்யும் மகள் வாங்கி அனுப்பிய கன்வாஸ் தையல் பொதியுடன் ஹட்டனில் நான் நடத்தும் வகுப்புக்கு வந்தார். ரோஜாக்கொத்து அச்சிட்ட அந்தத் துணியில் ஒரு மாதமாக உட்கார்ந்தும் இரண்டு இதழ்கள்தான் தைத்திருந்தார். "கண்ணு பூத்துப் போகுது டீச்சர், இது எனக்கு வராது" என்றார். துணியை விரித்துப் பார்த்தவுடன் காரணம் விளங்கியது. கன்வாஸ் என்பது வலைபோல் நெய்த துணி, அதில் ஊசி நுழையும் துளையைத்தான் கண் என்கிறோம். அது அங்குலத்துக்கு 18 கண்கள் கொண்ட துணி.

கன்வாஸ் வாங்கும்போது பெரும்பாலானோர் படத்தைப் பார்க்கிறார்களே தவிர, இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. 18 கண் துணியில் ஒரு சதுர அங்குலத்துக்கு 324 தையல்கள் வரும். 10 கண் துணியில் 100 மட்டுமே. ஆறு அங்குலச் சதுரம் ஒன்றை முடிக்க முன்னதில் 11,664 தையல்களும் பின்னதில் 3,600 தையல்களும் வேண்டும். நாற்பது வயதைத் தாண்டி வெள்ளெழுத்துத் தொடங்கியவர்கள் 10 அல்லது 12 கண் துணியில் ஆரம்பிப்பதே நல்லது. கண்ணாடி தேவையா என்பதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கன்வாஸின் கீழே மடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்தால் கன்வாஸின் கண்கள் பளிச்சென்று தெரியும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும் நம் ஊர்களில், வலக்கையால் தைப்பவர்கள் விளக்கை இடப்பக்கம் வைத்தால் கையின் நிழல் தையலின் மேல் விழாது.

ஊசி மொட்டை ஊசியாக இருக்க வேண்டும். கூரிய ஊசி கன்வாஸின் இழையையே குத்திப் பிளந்துவிடும். ஊசியின் எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும் என்பதால், 10 கண் துணிக்கு 18ஆம் எண்ணும், 14 கண் துணிக்கு 20ஆம் எண்ணும், 18 கண் துணிக்கு 22ஆம் எண்ணும் பொருந்தும். கொழுந்து பறித்த விரல்களின் நுனியில் சாயக் கறையும் வெடிப்பும் இருக்கும். பட்டு நூல் அந்த வெடிப்புகளில் சிக்கிப் பிசிறாகிவிடும். அத்தகைய கைகளுக்குக் கம்பளி நூலே தோழமையானது. அந்த அக்காவுக்கு நான் முதலில் மாற்றிக் கொடுத்ததும் நூலைத்தான்.

அடுத்து மாற்றியது வடிவத்தை. பார்ஜெல்லோ என்றொரு தையல் முறை உண்டு. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அப்பெயருடைய அருங்காட்சியகத்தில் உள்ள நாற்காலிகளின் உறைகளால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. நான்கு இழைகளைத் தாண்டி ஒரு நெட்டுத் தையல், அடுத்தது இரண்டு இழை மேலே, அதற்கடுத்தது இன்னும் இரண்டு இழை மேலே என்று ஏறி, உச்சி தொட்டதும் அதேபோல் இறங்கினால் ஓர் அலை கிடைக்கும். முதல் வரிசையை மட்டும் எண்ணித் தைத்தால் போதும், மற்ற வரிசைகள் அதன் வழியே தாமாக வரும். அந்த அலைகளைப் பார்த்த அக்கா, "நம்ம மலை மாதிரியே இருக்கு" என்றார். உண்மைதான், சரிவை அணைத்துச் செல்லும் தேயிலை நிரைகளை இதைவிடப் பொருத்தமாகக் காட்டும் தையலை நான் அறியேன். ஒரே பச்சையில் தைத்துவிடாதீர்கள். கொழுந்து விட்ட மலை இளம்பச்சை, பறித்து முடித்த மலை கரும்பச்சை, கவ்வாத்து வெட்டிய மலை விறகின் நிறம். நெட்டுத் தையலின் இடையே வெள்ளைக் கன்வாஸ் எட்டிப் பார்க்கும் என்பதால் நூலைச் சற்றுத் தடிப்பாக எடுக்க வேண்டும். நீண்ட தையல்கள் எளிதில் மாட்டி இழுபடுவதால் இதைக் கைப்பைக்குத் தவிர்த்து, சுவர்ப் படமாகத் தைப்பதே என் விருப்பம்.

நூலுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதும் இல்லை. குளிர் ஊர்க்காரர்களான நம் வீடுகளில் பழைய ஸ்வெட்டருக்குப் பஞ்சமில்லை. கையால் பின்னியதைத் தையலோரத்தில் பிரித்து உருவினால் நூல் சுருள் சுருளாக வரும். அதைத் தளர்வான கண்டாகச் சுற்றி, நான்கு இடங்களில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நிழலில் தொங்கவிட்டால் நேராகிவிடும். பின்னல் நூல் கன்வாஸில் உரசி எளிதில் தேய்வதால் ஒரு முழத்துக்குக் கூடுதலாக வெட்டாதீர்கள்.

ஈரம்தான் நம் ஊரில் பெரிய எதிரி. தென்மேற்குப் பருவமழை நாட்களில் பாதி தைத்த துணியை பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளேயே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஊசியைத் துணியில் குத்திய நிலையில் ஒருபோதும் விடாதீர்கள். என்னிடம் பயிலும் ஒருவர் ஜூன் மாத மழையில் மூன்று வாரம் அப்படி விட்டதில், ஒரு பறவையின் மார்பிலேயே மிளகளவு துருக்கறை விழுந்தது. தேய்த்தும் போகாமல், அந்த இடத்தைப் பிரித்துக் கருநிறத்தில் மீண்டும் தைக்க நேர்ந்தது.

தைத்து முடித்த துணி கோணியிருந்தால், முதலில் சிவப்பு நூலின் மேல் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டாவிட்டால் லேசாக நனைத்து, பலகையில் சதுரமாக இழுத்துத் துருப்பிடிக்காத ஊசிகளால் குத்தி, நன்றாகக் காயும் வரை எடுக்காமல் விடுங்கள். மழைக்காலத்தில் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அக்காவின் தேயிலை மலை இப்போது என் வகுப்பறைப் பலகையில் அப்படித்தான் காய்ந்துகொண்டிருக்கிறது.