பெர்மிட் டு லிஃப்ட்: பாரந்தூக்கல் இசைவுச் சீட்டு

கிரேன் நிற்கும் பணித்தளங்களில் ‘லிஃப்டிங் பிளான் போட்டாயிற்றா, பெர்மிட் வாங்கியாயிற்றா’ என்ற இரண்டு கேள்விகளும் ஒரே மூச்சில் வந்து விழும். அதனாலேயே இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. லிஃப்டிங் பிளான் என்பது ஒரு பாரத்தை எதனால் தூக்கி, எந்த வழியாக நகர்த்தி, எங்கே இறக்குவது என்று கணக்குப் போட்டு எழுதிய திட்டம். அந்தத் திட்டத்தில் சொன்னபடிதான் தளம் இந்த நேரத்தில் இருக்கிறது, வேலையைத் தொடங்கலாம் என்று பொறுப்பிலுள்ளவர் கையெழுத்திட்டுத் தருவது பெர்மிட். திட்டத்தைப் போன வாரமே எழுதி வைக்கலாம். பெர்மிட்டை அன்றைக்கு, அந்த இடத்தில் நின்றுதான் எழுத வேண்டும்.

சொற்களின் பிறப்பைப் பார்ப்போம். கிரேன் முதலில் ஒரு பறவையின் பெயர். நீண்ட கழுத்தை நீட்டி இரையைக் கொத்தும் அந்தப் பறவையின் பெயரைப் பாரம் தூக்கும் பொறிக்கும் வைத்தவர்கள் பழைய கிரேக்கர்கள். அவர்கள் மொழியில் கெரனோஸ் என்றால் இரண்டும்தான். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் பறவையையும் பொறியையும் குரூ என்றே அழைக்கிறார்கள். தமிழில் அந்த உவமை ஒட்டவில்லை. கொக்கும் நாரையும் நம்மிடம் நிறைய இருந்தும், பொறிக்கு அது செய்யும் வேலையை வைத்துப் பாரந்தூக்கி என்றே பெயரிட்டோம். லிஃப்ட் என்பது பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் வேர் காற்றைக் குறிக்கும். அதாவது, காற்றுவெளியில் ஏற்றுவது. பெர்மிட்டுக்கு வேர் லத்தீன்; ‘ஊடே போகவிடு’ என்பது பொருள்.

இந்த மூன்றையும்விட நம்முடைய தூக்கு என்ற வினைச்சொல்தான் எனக்குச் சுவையாகப் படுகிறது. உயர்த்துவதும் தூக்குதான், எடை போடுவதும் தூக்குதான். தராசுக்குத் தூக்குக்கோல் என்றொரு பெயர் உண்டு. எடை போடுவதிலிருந்து ஆராய்வது என்ற பொருளும் கிளைத்தது. சீர்தூக்கிப் பார்த்தல் என்று இன்றும் எழுதுகிறோம். வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறள் (471) இப்படிச் சொல்கிறது:

வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்
துணைவலியும் தூக்கிச் செயல்.

அரசனுக்காகச் சொன்னது. ஆனாலும் லிஃப்டிங் பிளான் எழுதுபவர் இதை மேசைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். வினையின் வலி பாரத்தின் எடை. தன் வலி கிரேனின் திறன். துணைவலி பாரத்தைக் கட்டித் தூக்கும் ஸ்லிங், அதை மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிள், கிரேனைத் தாங்கும் தரை. மாற்றான் இடத்தில் காற்றை வைத்தால் போதும்.

திட்டத்தில் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இந்த எடைபோடுதலில்தான் வருகின்றன. ‘50 டன் கிரேன்’ என்ற பெயரை நம்பி 50 டன்னைத் தூக்கிவிட முடியாது. பூம் எனப்படும் கிரேனின் நீண்ட கை நீள நீள, கிரேனின் நடுவிலிருந்து பாரம் வரையுள்ள கிடைத் தூரமான ஆரம் கூடக் கூடத் திறன் சரிந்துகொண்டே போகும். அருகிலிருந்து 50 டன் தூக்கும் கிரேன், 20 மீட்டர் தள்ளி நிற்கும் பாரத்தில் சில டன்களோடு நின்றுவிடும். எந்த ஆரத்தில் எவ்வளவு என்பதை லோடு சார்ட் சொல்லும். பாரத்தின் எடையோடு கொக்கியின் எடை, ஸ்லிங்கின் எடை, இடையில் மாட்டும் சட்டத்தின் எடை எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் அந்த அட்டவணையைத் தொட வேண்டும்.

ஸ்லிங்கின் கோணம் இன்னும் நுட்பமானது. 10 டன் இரும்பு உத்திரத்தை இரண்டு ஸ்லிங்குகளில் தூக்குகிறோம் என்று வையுங்கள். இரண்டும் செங்குத்தாக நின்றால் ஆளுக்கு 5 டன். கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் சாய்ந்தால் ஒவ்வொன்றின் மீதும் சுமார் 5.8 டன், 45 பாகையில் 7.1 டன். 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றும் முழுப் பத்து டன்னையும் இழுக்கும்! உத்திரம் அதே உத்திரம்தான். நீளமான ஸ்லிங் கைக்கு எட்டவில்லை என்று குட்டையானதை எடுத்து மாட்டியதால் வந்த வினை இது. திட்டத்தில் ஸ்லிங்கின் நீளத்தையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் விதிமுறைகள், பாரம் தூக்கும் ஒவ்வொரு பணியையும் தகுதியுள்ள ஒருவர் முறையாகத் திட்டமிட வேண்டும், தக்க மேற்பார்வை வேண்டும், பாதுகாப்பாக நடத்த வேண்டும் என்கின்றன. மூன்றில் திட்டம்தான் முதலில் நிற்கிறது.

இனி நிகரான தமிழ்ச் சொல். தூக்குத் திட்டம் என்றால் தூக்குத் தண்டனை நினைவுக்கு வரும். தளத்தில் யாரும் அதை வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள். பளுதூக்கல் என்பதை விளையாட்டு எடுத்துக்கொண்டுவிட்டது. சுமைதூக்கி என்றால் மூட்டை தூக்கும் தொழிலாளி. மிஞ்சுவது பாரம். அது வடமொழி வழி வந்தது என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாரந்தூக்கி வேரூன்றிவிட்ட சொல். அதன் கிளையாகப் பாரந்தூக்கல் திட்டம் என்பது யாருக்கும் உடனே புரியும்.

பெர்மிட்டுக்கு அனுமதி என்பது வழக்கம். தவறில்லை. ஆனால் அனுமதி என்றால் மேலிருப்பவர் கொடுப்பது, கீழிருப்பவர் வாங்குவது என்ற தொனி வந்துவிடுகிறது. இந்தச் சீட்டில் கொடுப்பவரும் கையெழுத்திடுகிறார், பெறுபவரும் கையெழுத்திடுகிறார். நிபந்தனைகளைப் படித்தேன், அதன்படி நடப்பேன் என்று பெறுபவரும் ஒப்புக்கொள்கிறார். ஆகவே இருவரும் ஒத்துவருவதைச் சொல்லும் இசைவு பொருத்தமாக இருக்கிறது. பாரந்தூக்கல் இசைவுச் சீட்டு என்று எழுதலாம்; பேச்சில் இசைவுச் சீட்டு போதும். கிரேனுக்குக் கை காட்டும் பேங்க்ஸ்மேனைச் சைகையாளர் எனலாம். பேங்க்ஸ்மேன் என்பது நிலக்கரிச் சுரங்க வாயில் நின்று கூண்டின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்தவருக்கு இருந்த பெயர். பாரத்தைக் கட்டி மாட்டும் ரிக்கர், ஷாக்கிள், கிரேன் சாயாமல் பக்கவாட்டில் ஊன்றும் காலான அவுட்ரிகர் மூன்றையும் அப்படியே விட்டுவிடுவது நல்லது. நிறுத்து என்று கத்த வேண்டிய நேரத்தில் யாரும் கலைச்சொல் தேடக் கூடாது.

இசைவுச் சீட்டுக்கு ஆயுள் குறைவு. எந்த கிரேன், எந்த இடம், எந்தப் பாரம், எத்தனை மணி வரை என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு ஷிப்ட்டோடு முடிந்துவிடும். கையெழுத்தாகும் முன் அவுட்ரிகரின் அடியில் தரை இறுகலாக இருக்கிறதா, பக்கத்தில் மின்கம்பி போகிறதா, ஆட்கள் நுழையாதபடி சுற்றுவட்டாரத்தை அடைத்தாயிற்றா என்று பார்ப்பார்கள். கிரேனை நான்கு மீட்டர் தள்ளி நிறுத்தினாலும், பாரம் மாறினாலும், காற்று வரம்பைத் தாண்டினாலும் சீட்டு செல்லாது. வேலையை நிறுத்திவிட்டுப் புதிதாகத்தான் எழுத வேண்டும். சைகையாளர் மாறினாலும் அப்படியே, ஏனென்றால் அவர் பெயரும் அந்தச் சீட்டில் இருக்கிறது.