கஸ்டம் ஃப்ரேம் யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

தன் உடம்பு அளவுக்கென்றே சைக்கிள் ஃப்ரேம் செய்துகொள்ள நினைத்து, "கஸ்டம் ஃப்ரேம் போடலாம்னு இருக்கேன் சார், யார்கிட்ட குடுக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம், இப்போது ஓட்டும் சைக்கிளின் ஸ்டேக், ரீச் (ஃப்ரேமின் உயரத்தையும் நீளத்தையும் சொல்லும் இரண்டு அளவுகள்) எவ்வளவு என்று கேட்பேன். "54 சைஸ்" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியில் 52 போல இருக்கும். சீட்டுப் பக்கத்திலிருந்து ஹேண்டில் பக்கம் போகும் டாப் டியூபின் நீளத்தையும் தனியாக நம்பக்கூடாது. சீட்டைத் தாங்கும் சீட் டியூப் ஒரு டிகிரி நிமிர்ந்தாலே, வழக்கமான சீட் உயரத்தில், சீட் 12 மில்லிமீட்டர் போல முன்னால் வந்துவிடும்.

பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் மையத்திலிருந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் ஹெட் டியூபின் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஸ்டேக் 560 மில்லிமீட்டர், ரீச் 385 மில்லிமீட்டர் சரியாக வருகிறது, கடையில் இருப்பதோ 540, 385 என்று வையுங்கள். ஹேண்டில்பாரை உயர்த்த 20 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் போட்டால் உயரம் ஏறக்குறைய சரியாகிவிடும். ஆனால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தண்டு பின்பக்கம் சாய்ந்திருப்பதால், ஹேண்டில்பார் 6 மில்லிமீட்டர் நம் பக்கம் வந்துவிடும். ஹேண்டில்பாரை அந்தத் தண்டோடு இணைக்கும் ஸ்டெம்மில் 90 மில்லிமீட்டரைக் கழற்றி 100 போட்டால் அதுவும் கிட்டத்தட்டச் சரி. இதற்குப் போய் லட்சக்கணக்கில் செலவு செய்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தான். 300 கிலோமீட்டர் பிரெவே (நேரக் கெடுவுக்குள் முடிக்கும் நெடுந்தூர ஓட்டம்) முடித்துவிட்டு, சுண்டுவிரல் மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று வருவார்கள். ஃப்ரேம் மேல் பழி போடுவார்கள். பார்த்தால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்து, உடம்பு முழுக்கக் கைகளில் விழுந்துகொண்டிருக்கும். சீட்டை மட்டமாக்கி, ஸ்டெம்மை இரண்டு அளவு குறைத்து, தோளுக்கேற்ற அகலத்தில் ஹேண்டில்பார் மாற்றினால் பாதிப் புகார் போய்விடும். இரண்டு கால்களும் சமநீளம் இல்லையென்றால்கூட, அதற்கு ஷூவுக்கும் பெடலில் மாட்டும் கிளீட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு இருக்கிறது, ஃப்ரேமை மாற்ற வேண்டியதில்லை.

கஸ்டம் ஃப்ரேம் நிஜமாகவே தேவைப்படுகிறவர்களும் உண்டு. குள்ளமானவர்கள், முக்கியமாக 155 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள பெண்கள். ஃப்ரேம் சிறிதானாலும், ரோடு சைக்கிளின் வழக்கமான 700சி சக்கரம் சிறிதாவதில்லை. திரும்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். அதைத் தவிர்க்க, கம்பெனிக்காரர்கள் ஹெட் டியூபைப் படுக்க வைத்துவிடுகிறார்கள். ஃபோர்க்கை மட்டும் பெரிய சைஸுக்குப் போடுவதையே போடுவார்கள். 73 டிகிரி ஹெட் டியூபில் 45 மில்லிமீட்டர் ரேக் (ஹேண்டில் திரும்பும் அச்சிலிருந்து சக்கர மையம் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) உள்ள ஃபோர்க் போட்டால், டிரெயில் (அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கு டயர் எவ்வளவு பின்னால் தரையைத் தொடுகிறது என்பது) 56 மில்லிமீட்டர் அளவில் வரும், ஹேண்டில் சொன்னபடி கேட்கும். அதே ஃபோர்க் 70 டிகிரியில் போனால் டிரெயில் 74-ஐத் தொடும். சமதளத்தில் பெரிதாகத் தெரியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போதுதான், முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் தொபுக்கென்று விழப் பார்ப்பது தெரியும். "எனக்கு பேலன்ஸ் பத்தல" என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்வார். குறை அவரிடம் இல்லை. 700சி-யைவிடச் சிறிய 650பி சக்கரம், அதற்கேற்ற ஃபோர்க் என்று வரைந்து செய்தால் இது தீரும். ரெடிமேடில் இப்படி யோசித்துச் செய்கிற கம்பெனிகள் குறைவு.

சைக்ளோகிராஸ் ஃப்ரேம் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை. அது பெல்ஜியத்துச் சேற்றில் ஒரு மணி நேரம் ஓட்டுகிற பந்தயத்துக்கு உருவானது. யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) விதிப்படி டயர் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டியிருப்பதால், கேரியர், மட்கார்டு மாட்டும் துளைகள் பல ஃப்ரேம்களில் இருக்காது. மழைக்காலத்துச் செம்மண் ரோட்டுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் உங்களுக்கு வேண்டியது 40 மில்லிமீட்டர் டயர் நுழைகிற, மண், சரளை ரோட்டுக்கான கிராவல் ஃப்ரேம்தான். முன்பு ரோடு சைக்கிளில் பெரிய டயர் வேண்டுமென்றால் கஸ்டம்தான் வழி, சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கின் கவ்வி இடம் விடாது. டிஸ்க் பிரேக் வந்தபின் அந்தக் காரணமும் அடிபட்டுப்போய்விட்டது.

"கஸ்டம் கார்பன்" என்று மலிவாக யாராவது சொன்னால் உஷார். அச்சில் வார்க்கும் கார்பன் ஃப்ரேமுக்கு ஒவ்வொரு சைஸுக்கும் தனி அச்சு வேண்டும். உங்கள் ஒருவருக்காக யாரும் அச்சு செய்ய மாட்டார்கள். குழாய் குழாயாக ஒட்டிச் செய்கிற முறை உண்டு, அது விலை அதிகம். மலிவு விலையில் கஸ்டமாகக் கிடைப்பது பெயின்ட் மட்டுமே.

கஸ்டம் என்றால் என் ஓட்டு ஸ்டீலுக்கு. (அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஆங்கிலேயக் கூட்டாளியிடம்தான் சைக்கிள் ஃப்ரேமுக்கான ஸ்டீல் குழாய்க்குப் பேர்போன ரேனால்ட்ஸ் கம்பெனியும் இருந்தது. அப்பா ஓட்டிய ஹெர்குலிஸுக்கு அது தூரத்துச் சொந்தம்.) ஆனால் ஃப்ரேமுக்கான நல்ல ஸ்டீல் குழாய்களின் நடுப்பகுதிச் சுவர் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கனம் இருக்கும். கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறையில் கொடுத்துப் பற்றவைக்காதீர்கள், ஓட்டையாகிவிடும்.

சைக்கிள் ஓட்டத் தொடங்கிய முதல் வருடத்தில் கஸ்டம் ஆர்டர் கொடுக்கவே வேண்டாம். இடுப்பு வளைய வளைய ஹேண்டில்பார் கீழே இறங்கும், தொப்பை குறைந்தால் இன்னும் இறங்கும். அளவு நிலைத்தபின் கொடுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டேக், ரீச், ஹெட் டியூப் கோணம், ஃபோர்க் ரேக், எவ்வளவு அகல டயர் நுழையும், கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட் மரை போட்டதா அழுத்திச் செருகுவதா, கியர் மாற்றும் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் தனியாகக் கழலுமா என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.