குவில்ட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

“துணித்துண்டுகளை இணைத்து குவில்ட் என்ற அடுக்குப் போர்வையின் மேல்பாகத்தை முடித்துவிட்டேன். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க லாங்ஆர்ம் என்ற பெரிய தையல் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம் என்றால், ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நீங்கள் கொடுக்க நினைக்கும் ஆள் தைத்துமுடித்த குவில்ட் ஒன்றை வாங்கி, கவிழ்த்துப் போட்டு, தையலின் வளைவுகளைப் பாருங்கள். காரணம் மெஷினுக்குள் இருக்கிறது.

மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். வீட்டு மெஷினில் துணி நகரும். லாங்ஆர்மில் துணி உருளைகளில் விறைப்பாக நிற்கும், மெஷின் சக்கரங்களில் நாலாபக்கமும் ஓடும். அந்த ஓட்டத்தை உணரிகள் அளந்துகொண்டே இருக்கும். அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்துக் கை நொடிக்கு 3 அங்குலம் போனால், ஊசி நிமிடத்துக்கு 1,800 முறை குத்தும். கை தயங்கினால் ஊசியும் தயங்கும். ஆகவே தையல் நீளம் சீராக இருக்கிறதே என்று ஆளை மெச்சிவிடாதீர்கள், அதில் பெரும்பங்கு கருவியுடையது.

எனக்குச் சலிக்காத காட்சி ஊசித்தட்டுக்குக் கீழே நடப்பது. 1846-இல் அமெரிக்கர் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற அதே பூட்டுத்தையல்தான். ஊசி அடிவரை இறங்கிச் சற்றே மேலேறும். துணியின் பிடியில் சிக்கிய நூல் கூடவே ஏற முடியாமல், ஊசியின் முதுகில் சின்னக் கண்ணியாகப் பிதுங்கும். அந்தக் கணத்தில் சுழலும் கொக்கி அதைக் கவ்வி, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டுவிடும். மிச்ச நூலை மேலே உள்ள நெம்புகோல் இழுத்துக்கொள்ள, இரு நூல்களும் பஞ்சுக்குள்ளேயே பின்னிப் புதைந்துபோகும்.

கொக்கிக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு தாளின் கனம்தான். ஊசி துணிக்குள் இருக்கும்போதே மெஷினை வேகமாக இழுத்தால் ஊசி வளையும், கொக்கி கண்ணியைத் தவறவிடும், தையல் விட்டுப்போகும். பாபின் நூல் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தாலோ, அது வளைவில் குறுக்குவழி தேடி நேராக நிற்கப் பார்க்கும். மேல்நூலின் கண்ணிகளையும் உள்பக்கமாக இழுத்துவிடும். அடித்துணியில் கண் இமைமுடி வரிசை போலத் தெரிவது அதுதான். நேர்கோட்டில் இந்தக் குறை எளிதில் கண்ணில் படாது, வளைவு காட்டிக்கொடுத்துவிடும். மேல்நூலும் அடிநூலும் வேறுவேறு நிறத்தில் உள்ள மாதிரியைக் கேளுங்கள். ஒரே நிறம் பல பாவங்களை மறைக்கும்.

விலையுயர்ந்த கணினி மெஷின் என்றாலே நல்ல தையல் என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. கணினி கோட்டை வரையும். பாதி வேலையில் நிறுத்தி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது மனிதர்தான்.

தைப்பவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். கவ்விகள் பிடிக்க, அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலமாவது கூடுதலாக வேண்டும் என்பார். மூன்று அடுக்குகளையும் தனித்தனியாகக் கொடுங்கள், முன்கூட்டி இணைக்காதீர்கள் என்பார். ஓரப்பட்டை அலைஅலையாக இருந்தால் தைக்கும் முன்பே சொல்வார், ஏனென்றால் உபரித் துணியை எந்த மெஷினாலும் மாயமாக்க முடியாது. “எல்லாம் தைக்கும்போது சரியாகிவிடும்” என்பவரிடம் கொடுக்காதீர்கள்.