அவசர உதவியாளர் பணிக்கு இடையூறு: அமெரிக்காவில் முதல் மிஸ்டிமீனர் வழக்கு வந்தால்

வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தவர்களே, வந்திறங்கிய மருத்துவ உதவியாளர்கள் விலகி நிற்கச் சொல்லும்போது விலக மறுக்கிறார்கள். ஸ்ட்ரெச்சரைப் பிடித்து நிறுத்துவதும், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வண்டிக்கு முன்னால் நின்று வாதிடுவதும் பாசத்தாலும் பதற்றத்தாலும் நிகழ்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அமெரிக்காவில் அந்தச் சில நிமிடங்கள் கைதிலும், மிஸ்டிமீனர் எனப்படும் சிறுகுற்ற வழக்கிலும் முடியக்கூடும். அதுவரை காவல் நிலைய வாசலையே மிதித்திராத ஒருவர் அப்படிப்பட்ட வழக்கில் எதை எதிர்கொள்கிறார், அவருக்கு என்னென்ன உரிமைகள் உள்ளன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவ்வழக்கில் பெரிய கேடு பெரும்பாலும் அபராதத்தாலோ சிறையாலோ வருவதில்லை, "சின்ன வழக்குதானே, ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்" என்ற அவசரத்தால்தான் வருகிறது.

இது பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் என்பதால் பெயரும் தண்டனையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. கலிபோர்னியாவின் தண்டனைச் சட்டம் 148-ஆம் பிரிவு, காவலர், அரசு அலுவலர், அவசர மருத்துவ உதவியாளர் ஆகியோரின் கடமையை வேண்டுமென்றே எதிர்ப்பதையும் தாமதப்படுத்துவதையும் தடுப்பதையும் குற்றமாக்குகிறது; அபராதம் 1,000 டாலர் வரை இருக்கலாம். அப்பிரிவு ஓராண்டு வரை சிறை என்று சொன்னாலும், 18.5 என்னும் மற்றொரு பிரிவு அதை 364 நாட்களாகக் குறைத்திருக்கிறது. அந்த ஒரு நாள் குறைப்புக்குக் குடியேற்றச் சட்டத்தில் பெரிய பொருள் உண்டு. அதைப் பின்னர் விளக்குகிறேன். தீயணைப்பு வீரர்களின் பணிக்குக் குறுக்கே நிற்பதற்கு 148.2 என்று தனிப் பிரிவும், விபத்து நடந்த இடத்தில் வேடிக்கை பார்க்க நின்று மீட்புப் பணியைத் தடுப்பதற்கு 402-ஆம் பிரிவும் உள்ளன. பின்னதில், நேரில் போகாமல் ட்ரோன் பறக்கவிட்டு இடைஞ்சல் செய்தாலும் அந்த இடத்தில் இருந்ததாகவே கொள்ளப்படும்.

டெக்சாஸில் 38.15-ஆம் பிரிவின்படி இது பி வகுப்பு மிஸ்டிமீனர். 180 நாட்கள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். அங்கே வேண்டுமென்றே செய்ததாக அரசு நிறுவத் தேவையில்லை, குற்றத்தன்மை வாய்ந்த கவனக்குறைவே போதும் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதகமான அம்சம். நியூ யார்க்கில் அவசர மருத்துவச் சேவையைத் தடுப்பது 195.16-ஆம் பிரிவின்படி ஏ வகுப்பு மிஸ்டிமீனர். அங்கும் சிறையின் உச்ச வரம்பு 364 நாட்கள்தான்.

குற்றச்சாட்டுப் படிவத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி, நான் செய்தது செயலா, சொல்லா என்பதாகும். உரக்கக் கத்தியதும், உதவியாளரைக் குறை கூறியதும், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று திட்டியதும் மட்டுமே நடந்தவை என்றால், வழக்கு வலுவற்றதாக இருக்க வாய்ப்புண்டு. காவலர் பேசும்போது குறுக்கிட்டுப் பேசுவதையே குற்றமாக்கிய ஹூஸ்டன் நகர விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல், பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு முரணானதென்று தள்ளுபடி செய்தது. டெக்சாஸ் சட்டமோ, இடையூறு வெறும் பேச்சாக மட்டும் இருந்தது என்பதையே எதிர்வாதமாக ஏற்கிறது. பொது இடத்தில் நின்று கைப்பேசியில் படம்பிடிப்பது மட்டும் 148-ஆம் பிரிவை மீறுவதாகாது என்று கலிபோர்னியா சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பேச்சோடு உடலும் சேர்ந்து வழியை மறித்திருந்தால், கையைத் தட்டிவிட்டிருந்தால், விலகச் சொன்ன ஆணையை ஏற்காமல் நின்றிருந்தால் இந்தப் பாதுகாப்பு பெரிதும் குறைந்துவிடும்.

கலிபோர்னியாவில் வேறு இரண்டு அம்சங்களும் ஆராயப்பட வேண்டும். எதிரில் நின்றவர் கடமையில் இருந்த காவலரோ உதவியாளரோ என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது நியாயமாகத் தெரிந்திருக்கக் கூடிய நிலை இருந்திருக்க வேண்டும். அந்தக் கடமை சட்டப்படி ஆற்றப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இவற்றை நிறுவும் பொறுப்பு முழுவதும் அரசுத் தரப்பைச் சார்ந்தது. மொழி புரியாத முதியவர் ஒருவர், சீருடை தெளிவாகத் தெரியாத இருட்டில், தம்மை நோக்கிச் சொல்லப்பட்ட ஆங்கில ஆணையை விளங்கிக்கொள்ளாமல் நின்றிருந்தால், அது அனுதாபத்துக்குரிய செய்தி மட்டுமன்று. சட்டத்தில் எடைபோடப்பட வேண்டிய உண்மை.

கைகலப்பு நேர்ந்திருந்தால் நிலைமை வேறு. டெக்சாஸில் பணியிலிருக்கும் அவசரச் சேவையாளரை அடித்துக் காயப்படுத்துவது ஃபெலனி எனப்படும் பெருங்குற்றம். நியூ யார்க்கிலும் பணியைத் தடுக்கும் நோக்கத்தோடு அவருக்குக் காயம் விளைவிப்பது ஃபெலனியே. எனவே படிவத்தில் எந்தப் பிரிவின் எண் எழுதப்பட்டுள்ளது என்பதைக் கவனமாகப் பாருங்கள்.

கைதான நேரத்தில் செய்ய வேண்டியவை மிகச் சில. பெயரும் அடையாளமும் தவிர வேறெதையும் விளக்காமல், "நான் மௌனமாக இருக்க விரும்புகிறேன், எனக்கு வழக்கறிஞர் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சும்மா இருப்பது போதாது. கைதுக்கு முன் நடந்த விசாரணையில் உரிமையைக் கோராமல் மௌனம் காத்தவரின் அந்த மௌனமே அவருக்கு எதிராகப் பயன்பட்டதை உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டின் டெக்சாஸ் வழக்கொன்றில் செல்லும் என ஏற்றது. இந்தியக் குடிமக்கள் தங்கள் தூதரகத்துக்குத் தகவல் தெரிவிக்குமாறு கேட்கலாம். கேட்காமல் அது தானாக நடக்காது.

அடுத்தது அரெய்ன்மென்ட் எனப்படும் முதல் ஆஜர். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று நீதிபதி கேட்கும் நாள் இது. வழக்கறிஞருடன் பேசும்வரை "குற்றவாளி அல்ல" என்று பதிவு செய்வது பொய் சொல்வதாகாது. அரசு தன் வழக்கை நிறுவட்டும் என்று கோரும் முறையான வழி அது, பின்னர் மாற்றிக்கொள்ளவும் இயலும். வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க வசதியற்றவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தரப்படாமல் சிறைத்தண்டனை விதிக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1972-இல் மிஸ்டிமீனர் வழக்குகளுக்கும் விரிவாக்கியது. இலவசமாக வருகிறவர் என்பதால், பப்ளிக் டிஃபெண்டர் எனப்படும் அந்த அரசு செலவு வழக்கறிஞரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளையும் அரசு வழக்கறிஞர்களையும் நாள்தோறும் எதிர்கொள்பவர் அவர். ஆங்கிலத்தில் தடுமாறுவோர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை நீதிமன்ற எழுத்தரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆள் கிடைப்பதற்கு நேரம் பிடிக்கும். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது எவ்விதத்திலும் சரியன்று. குறித்த நாளில் ஆஜராகத் தவறினால் பிடி ஆணை பிறக்கும். முதல் வழக்கைவிட அது பெரிய தொல்லையாகிவிடும்.

சாட்சியங்கள் சீக்கிரம் அழியக்கூடியவை. காவலர் உடையில் பொருத்திய கேமராவின் பதிவு, 911 அழைப்பின் ஒலிப்பதிவு, பக்கத்து வீட்டின் வாசல் கேமரா ஆகியவற்றைப் பாதுகாக்குமாறு வழக்கறிஞர் உடனே கடிதம் அனுப்ப வேண்டும். நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி அவரிடம் மட்டும் கொடுங்கள். சமூக ஊடகத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

இனி, தண்டனையின்றி வழக்கு முடியும் வழிகள். முன் குற்றப் பதிவு இல்லாதவருக்கு இவை திறந்திருப்பதற்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். கலிபோர்னியாவில் 2021 முதல் நடைமுறையிலுள்ள 1001.95-ஆம் பிரிவின்படி, அரசு வழக்கறிஞர் எதிர்த்தாலும்கூட நீதிபதி வழக்கை 24 மாதங்கள் வரை நிறுத்திவைத்து நிபந்தனைகள் விதிக்கலாம். அவற்றை நிறைவேற்றினால் வழக்கு தள்ளுபடியாகும். நியூ யார்க்கில் வழக்கை வழக்கமாக ஆறு மாதம் ஒத்திவைத்து, பிறகு தள்ளுபடி செய்யும் முறை உண்டு. இவ்விரண்டிலும் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. டெக்சாஸின் தீர்ப்பு ஒத்திவைப்பு முறை பார்வைக்கு இவற்றைப் போலவே தோன்றினாலும், அதைப் பெற முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது எதிர்க்கவில்லை என்றாவது சொல்ல வேண்டும்.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் கால் இடறி விழும் இடம் இதுதான். மத்தியக் குடியேற்றச் சட்டம் "தண்டிக்கப்பட்டவர்" என்ற சொல்லுக்குத் தனி இலக்கணம் வைத்திருக்கிறது: ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டோ எதிர்க்காமலோ இருந்து, நீதிபதி ஏதாவதொரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், மாநிலம் பின்னர் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் அவர் தண்டிக்கப்பட்டவராகவே கருதப்படலாம். முன்பு சொன்ன 364 நாள் வரம்பும் இங்கேதான் பயன்படுகிறது. நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்தாண்டுக்குள் செய்த, ஒழுக்கக்கேடானதென வகைப்படுத்தப்படும் குற்றத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க இடமிருந்தால், அந்த ஒரே குற்றம் நாடுகடத்தலுக்குப் போதும். வெறும் இடையூறு பொதுவாக அவ்வகையில் சேராது என்றாலும், உடன் சேர்க்கப்படும் வேறு குற்றச்சாட்டு சேரக்கூடும். ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்பதைக் குற்ற வழக்கறிஞர் எடுத்துச் சொல்ல வேண்டும் என 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே கேட்கத் தயங்க வேண்டாம். கையெழுத்திடும் முன்பு குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரும் அந்த ஆவணத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்காக ஒத்திவைப்புக் கேட்பதில் தவறேதுமில்லை.

வழக்கு முடிந்த பின்பு பதிவுகளை மூடி முத்திரையிடப் பல மாநிலங்களில் வழி உண்டு. அது வேலைக்கான பின்னணிச் சோதனையில் பெரிதும் உதவும். ஆனால் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம், மூடப்பட்ட பதிவுகளையும் சேர்த்தே கைது விவரங்களைக் கேட்கிறது. அங்கே மறைத்தால் அந்த மறைப்பே முந்தைய குற்றச்சாட்டைவிடப் பெரிய தடையாகும். ஆகவே பதிவை மூடக் கோருவதற்கு முன்பே, வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு நீதிமன்றத்தின் சான்றளித்த நகல்கள் இரண்டு மூன்று வாங்கிக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு அவற்றைப் பெறுவது கடினமாகலாம்.