பரிதி: சில்லுக்குள் வந்த சூரியன்

"மாமா, பரிதி என்றால் சூரியன்தானே? சில்லுக் கணக்கில் அது ஏன் வருகிறது?"

உப்புவெளியில் எங்கள் விறாந்தையில் கணக்குக் கொப்பியோடு இருந்த மருமகள் கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. தமிழ் இலக்கியத்தில் பரிதி சூரியன்தான்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. 'பரி' என்றால் சுற்றிலும்; 'தா' என்றால் வைத்தல். சுற்றி வைக்கப்பட்டது, அதாவது வேலி. வேள்வித் தீயைச் சுற்றி வைக்கும் குச்சிகளுக்கும், நிலவைச் சூழும் ஒளிவட்டத்துக்கும் அதுவே பெயர். கணிதத்தில் வட்டத்தை அடைக்கும் கோடு பரிதி.

வேலிக்கு நீளம் உண்டு. இது விளங்கினால் பாதிக் கணக்கு முடிந்தது. பரிதியைப் பரப்போடு குழப்பும் பிள்ளைகள், சொல்லின் பொருள் தெரியாமலேதான் குழப்புகிறார்கள்.

சைக்கிளை முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். டயரில் வெண்கட்டியால் ஒரு கோடு, சீமெந்துத் தரையில் ஒரு கோடு. சில்லை ஒரே ஒரு சுற்று உருட்டி, தையல் நாடாவால் அளந்தாள். 220 சென்ரிமீற்றருக்கு ஒரு விரல் குறைவு. அவளுடைய கணக்கில் விட்டம் 70 சென்ரிமீற்றர். 22/7 ஆல் பெருக்கினால் சரியாக 220. வேலியை அவிழ்த்துத் தரையில் நீட்டியது போல இருந்தது.

மீதி தானாக வந்தது. நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் 198 மீற்றர்; மணிக்கு 11.88 கிலோமீற்றர். இதை நம் இலங்கைப் பாடநூல் 'கதி' என்கிறது; தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'வேகம்'. நமக்கு வேகம் என்பது திசையும் சேர்ந்தது. இரு கரைப் புத்தகங்களையும் வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பரிதிக்குத் தமிழ்ச் சொல் சுற்றளவு. இங்கே அதைச் சதுரம், முக்கோணம் போன்றவற்றுக்கு ஒதுக்கிவிட்டு வட்டத்துக்கு மட்டும் பரிதி என்கிறோம். பரீட்சைத் தாளில் பரிதி என்றே வருவதால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் முதல் நாள் வகுப்பில் 'வட்டச் சுற்றளவு' என்று சொல்லித் தொடங்குவதே நல்லது என்பேன். கேட்ட உடனே அளக்கத் தோன்றும் சொல் அது.

மருமகள் அதற்குள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றர்; 1364 சுற்று; அதே கதியில் போனால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட.