கேமை விளையாடாமல் அதன் இசைக்குக் கருத்துச் சொல்லாதீர்கள்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி, தன் கேமுக்குப் போட்ட இசையைக் கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங். கூடப் படிக்கும் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு புதிர் கேம் செய்கிறார்கள். வறண்டு கிடக்கும் கோயில் குளம். அதற்கு வரும் வாய்க்கால்களின் மதகுகளைச் சரியான வரிசையில் திறந்தால் குளம் நிறையும். அவ்வளவுதான், அமைதியான கேம். ஃபைலைப் போட்டால் பெரிய ட்ரம்ஸ் அதிர்கிறது. அதன் மேல் டிரம்பெட் கூட்டம். ஒரு நிமிடம் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து உச்சத்துக்குப் போகிறது.

போன் போட்டு, “இது எந்த இடத்துக்கும்மா?” என்று கேட்டேன்.

“குளத்துக்குத்தாண்ணா. முதல்ல வேற மாதிரி போட்டிருந்தேன். எல்லாரும் போர் அடிக்குதுன்னு சொன்னாங்க. அதான் மாத்திட்டேன்.”

முதலில் போட்டதை அனுப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “அது இல்லண்ணா. அது மேலயே சேவ் பண்ணிட்டேன்” என்றாள்.

இந்த ஆண்டில் எனக்கு வந்த மூன்றாவது கதை இது. கேம்களுக்கு ஒலி அமைப்பதும் மிக்ஸ் செய்வதும்தான் என் வேலை, 11 வருடமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக இசை போடுகிறவர்கள் அனுப்புவதைக் கேட்டுக் கருத்துச் சொல்வேன். அவர்களிடம் வரும் குறைகள் பெரும்பாலும் சரி செய்யக் கூடியவை. நல்ல எண்ணத்தோடு தப்பான கருத்தைச் சொல்லி, நன்றாக வந்ததைக் கெடுக்க வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நல்லவேளையாக, கேமின் பழைய பில்ட் (விளையாடிப் பார்க்கக் கூடிய பதிப்பு) ஒன்று அவளுடைய நண்பனின் போனில் அழியாமல் இருந்தது. அதை வாங்கி உட்கார்ந்து விளையாடினேன். 80 வினாடி லூப், முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும். அடியில் தம்புரா போல ஒரு சின்த் (மின்னணு இசைக்கருவி) ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் வீணை சாம்பிளில் (பதிவு செய்து வைத்த வீணை ஒலி) நான்கு சுரங்கள், பிறகு நீண்ட இடைவெளி, மறுபடி நான்கு சுரங்கள். மூன்றாவது மதகைச் சரியாகத் திறந்தபோது ‘களுக்’ என்று தண்ணீர்ச் சத்தம் வந்தது. வீணை விட்டுக்கொடுத்த அந்த வெற்றிடத்தில் சத்தம் துல்லியமாகக் கேட்டது. சரியாகச் செய்துவிட்டோம் என்று விளையாடுபவருக்குச் சொல்வதே அந்தச் சத்தம்தான், திரையில் வேறு அடையாளம் கிடையாது. அந்தப் பெண் அதற்காகவே இடம் விட்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமல் செய்திருக்கிறாள்.

அவளுக்கு வந்த கருத்துகளையும் வாங்கிப் படித்தேன். மொத்தம் 23. ‘காலியா இருக்கு’, ‘பீட் இல்ல’, ‘ஒரே மாதிரி போகுது’, ‘ட்யூன் மனசுல நிக்கல’, ‘கடைசில ஒரு பெரிய லிஃப்ட் குடு’. எல்லோரும் இசையைத் தனி ஃபைலாக, ஒரே ஒரு முறை, ஹெட்போனில் கேட்டவர்கள். கேமைத் திறந்தவர் ஒருவர்கூட இல்லை. உண்மையான குறை ஒன்று இருந்தது. லூப் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் வீணையின் கடைசி அதிர்வு அடங்கும் முன்பே வெட்டுப்பட்டு ‘டக்’ என்று ஒரு சத்தம். 23 பேரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஒரு முறை மட்டும் ஓடவிட்டவருக்கு அந்த இடம் வரவே வராது.

என் கோபமெல்லாம் ‘ஒரே மாதிரி போகுது’ என்பதன் மேல்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பாட்டு என்பது நான்கு நிமிடம். பல்லவி, சரணம், மீண்டும் பல்லவி, முடிவு. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது போட்டவருக்குத் தெரியும். கேமில் அது யாருக்கும் தெரியாது. கெட்டிக்காரர் ஒருவர் அந்தக் குளத்தை மூன்று நிமிடத்தில் நிரப்பிவிடுவார். இன்னொருவர் 25 நிமிடம் மாட்டிக்கொண்டு நிற்பார். 80 வினாடி லூப் அவருக்குக் கிட்டத்தட்ட 19 முறை ஓடும். நீங்கள் கேட்ட அந்த ‘பெரிய லிஃப்ட்’ 19 முறை வரும். ஒன்றுமே நடக்கவில்லை, மதகு திறக்கவில்லை, மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார், டிரம்பெட் மட்டும் வெற்றி வெற்றி என்று முழங்கும். மூன்றாவது முறையில் எரிச்சல் வரும். ஐந்தாவது முறையில் சத்தத்தை அணைத்துவிடுவார். அதோடு தண்ணீர்ச் சத்தமும் போயிற்று, புதிரின் தடயமும் போயிற்று.

1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கு வரிசையில் நான்கே நான்கு சுரங்கள், திரும்பத் திரும்ப. எதிரிகள் குறையக் குறைய அவர்களின் நகர்வும் அந்த நான்கு சுரங்களும் சேர்ந்து வேகமெடுக்கும். விளையாடுகிறவரின் நெஞ்சு படபடப்பதற்கு அது போதுமாக இருந்தது. அந்த நான்கு சுரங்களை மட்டும் பதிவு செய்து இன்று ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால், ‘ட்யூனே இல்லையே’ என்றுதான் பதில் வரும்.

1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஓடிய கருவியில் இசைக்கும் சத்தங்களுக்கும் சேர்த்து மொத்தமே ஐந்து ஒலிவழிகள்தான். மாரியோ குதிக்கும்போது அந்தச் சத்தம் இசையின் ஒரு குரலை வாங்கிக்கொள்ளும், சத்தம் முடிந்ததும் திருப்பித் தரும். மீதி நேரம் 100-க்குக் கீழே இறங்கினால் இசை வேகமாகும். இதெல்லாம் விளையாடும்போதுதான் தெரியும். தனியாகக் கேட்டால் தெரியாது.

இன்னும் புரியவில்லை என்றால் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரைப் பாருங்கள். தாலி எப்போது ஏறும் என்று அவருக்குத் தெரியாது. ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கும் வரை, மாப்பிள்ளையின் மாமா எங்கிருந்தோ வந்து சேரும் வரை, அதே ராகத்தை நீட்டிக்கொண்டே இருப்பார். ஒரு கண் மணவறையிலேயே இருக்கும். ‘கெட்டிமேளம்’ என்று குரல் வந்த அந்த நொடியில், வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு மேளமும் நாதஸ்வரமும் சேர்ந்து கொட்டும். முகூர்த்தத்துக்கு முந்தைய அந்த அரைமணி நேரத்தை மட்டும் பதிவு செய்துகொண்டு வந்து, இதில் உச்சம் இல்லையே என்று யாராவது கேட்பார்களா? கேம் இசை அந்த நாதஸ்வரம். இன்று எஃப்மோட், வைஸ் போன்ற மென்பொருள்களை வைத்து நாங்கள் செய்வதும் இதையேதான். விளையாடுபவர் என்ன செய்கிறார் என்று பார்த்து ஓர் அடுக்கைக் கூட்டுகிறோம், ஒன்றைக் குறைக்கிறோம், கெட்டிமேளம் வரும் வரை காத்திருக்கிறோம்.

அடுத்தது சத்த அளவு. அந்தப் பெண்ணின் புதிய ஃபைலை மீட்டரில் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ், அதுவும் இசை மட்டும். எல்யூஎஃப்எஸ் என்பது காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். வீட்டில் டிவியோடு இணைத்து விளையாடும் கருவிகளுக்கு சோனியின் பரிந்துரை மைனஸ் 24-ஐ ஒட்டி, கையில் வைத்து ஆடுகிறவற்றுக்கு மைனஸ் 18. அது இசை, பேச்சு, சத்தம் எல்லாம் சேர்ந்த கணக்கு, குறைந்தது அரைமணி நேரம் விளையாடி அளக்க வேண்டும். ஏன் இவ்வளவு ஏற்றினாய் என்று கேட்டேன். சினிமாப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு ‘டல்லா இருக்கு’ என்றார்களாம். எந்த இரண்டை அடுத்தடுத்துக் கேட்டாலும் சத்தம் கூடுதலாக உள்ளதுதான் நன்றாக இருப்பது போலத் தோன்றும். காதின் இயல்பு அது. அளவைச் சமன் செய்யாமல் எதையும் எதோடும் ஒப்பிடாதீர்கள்.

‘சூப்பர் ப்ரோ’ என்பதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். கேட்டுவிட்டுச் சொன்னாலும் கேட்காமல் சொன்னாலும் அது ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அதை வைத்து ஒருவரால் ஒரு சுரத்தைக்கூட மாற்ற முடியாது. பெரிய இசையமைப்பாளர் ஒருவரின் பெயரைச் சொல்லி ‘அவர் அளவுக்கு இல்லை’ என்பதும் அப்படியே. 19 வயதுப் பிள்ளை, ஹாஸ்டல் அறையில், வாங்க வசதியில்லாமல் இலவச சாம்பிள்களை வைத்துச் செய்தது அது. அந்த ஒப்பீடு அவளுக்கு எதைச் சொல்லித் தரும்? போன வருடம் இதே வார்த்தையைக் கேட்ட ஒரு தம்பி சின்த்தை விற்றுவிட்டான். அவன் போட்ட குகைக் காட்சி இசை இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. அருமையான வேலை.

சரி, எப்படித்தான் சொல்வது?

முதலில் கேளுங்கள். இந்த இடத்தில் விளையாடுபவர் என்ன செய்கிறார், எவ்வளவு நேரம் இருப்பார், என்ன உணர வேண்டும் என்று நினைத்தாய்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். லூடம் டேர் போன்ற போட்டியில் 48 மணி நேரத்துக்குள் மொத்தக் கேமையும் தனியாளாக முடித்துக் கொடுத்தவரிடம் போய் மிக்ஸில் பேஸ் கலங்கியிருக்கிறது என்று பாடம் எடுக்க வேண்டாம்.

பிறகு விளையாடுங்கள். பில்ட் இல்லையா, விளையாடும் வீடியோவையாவது வாங்குங்கள். அதுவும் இல்லையா, அந்த லூப்பை ஓடவிட்டுக் காய் நறுக்குங்கள், மெயிலுக்குப் பதில் எழுதுங்கள். 20 நிமிடம் கழித்தும் தொந்தரவு செய்யாமல் இருக்கிறதா, எந்த இடத்தில் கை நின்று காது அதன் பக்கம் போகிறது என்று பாருங்கள். அந்த இடம்தான் நீங்கள் சொல்ல வேண்டிய இடம்.

போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள், கட்டாயம். நம் ஊரில் விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது போன்தான். அதில் அடி பேஸ் அநேகமாகக் கேட்காது. அடி சுரத்தை மட்டும் நம்பி ஒரு பயத்தை உருவாக்கியிருந்தால் அங்கே வெறும் அமைதிதான் இருக்கும். பேச்சு, காலடி, பொத்தான் சத்தம் எல்லாம் தெளிவாகக் கேட்பது பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை நம்பித்தான். நம் காது மிகவும் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். இசை அந்தப் பகுதியை அடைத்துக்கொண்டால் உடனே சொல்லுங்கள், அது உண்மையான உதவி.

நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். ‘நடுவுல எங்கயோ ஒரு மாதிரி இருக்கு’ என்றால் அவள் எங்கே போய்த் தேடுவாள்? ‘52-வது வினாடியில் எனக்கு அவசரம் வந்தது, யாரோ துரத்துவது போல’ என்று சொல்லுங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ட்ரம்ஸை எடு, புல்லாங்குழல் போடு என்று மருந்தெழுத வேண்டாம். நோயாளி வலியைச் சொன்னால் போதும், மாத்திரையை டாக்டர் பார்த்துக்கொள்வார். இங்கே டாக்டர் அந்த இசையைப் போட்டவர்.

ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு விஷயம் போதும். நன்றாக இருப்பதையும் இடம் குறித்துச் சொல்லுங்கள். மனம் குளிரட்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. எது வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் அடுத்த தடவை அதையே முதலில் அழித்துவிடுவார்கள். கண்ணெதிரே பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இசை போடுகிற தம்பி தங்கைகளுக்கும் கொஞ்சம். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் ‘சூப்பர்’தான் வரும். ‘எத்தனையாவது சுற்றில் சலித்தது?’ என்று கேளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள், பழையது மேல் கை வைக்காதீர்கள். ஒருவர் சொன்னதற்காக மாற்றாதீர்கள். மூன்று பேர், ஒருவரோடொருவர் பேசாமல், ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. லூப்பை எம்பி3-யாக ஏற்றாதீர்கள். அந்த வடிவம் தொடக்கத்திலும் முடிவிலும் சின்ன மௌனத்தைச் சேர்த்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தடுக்கும். வேவ் அல்லது ஆக் வடிவம் போதும். அதிர்வு வெட்டுப்படாமல் இருக்க, லூப்பை இரண்டு முறை தொடர்ந்து ஓடவிட்டு எக்ஸ்போர்ட் செய்து இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் அதன் தலையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

கருத்துக் கேட்டு மனம் உடைந்து நிறுத்தி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த ஃபைலை அழிக்காதீர்கள். கேமுக்குள் வைத்து வேறு யாரையாவது விளையாடச் சொல்லிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

நேற்று இரவு 11 மணிக்கு அந்த மாணவி புதிய பில்ட் அனுப்பினாள். பழைய பில்டை ஓடவிட்டு, காதால் கேட்டுக் கேட்டே வீணைப் பகுதியை மறுபடி வாசித்திருக்கிறாள். ‘டக்’ போய்விட்டது. அரைமணி நேரம் குளத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். 52-வது வினாடியில் வீணையின் ஒரு சுரமும் தண்ணீர்ச் சத்தமும் ஏறக்குறைய ஒரே சுருதியில் விழுகின்றன, அங்கே மட்டும் மதகு திறந்தது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். எதை நகர்த்துவது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.